வாலறுந்த மூன்று

இனிமேல் பெண்சாதி பேர்ள் சொல்லி ஒரு சாமானும் இந்த வீட்டை விட்டு வெளியே போகாது என்று பேதுரு தீர்மானம் எடுத்தார். நல்ல தீர்மானம்தான். எடுத்த நேரம்தான் பிழை. ஜன்னலுக்கு உள்ளே நின்று அவர் அதை எடுத்துக்கொண்டிருந்தபோது, ஜன்னலுக்கு வெளியே, ரோட்டோரப் புல்லில், அவருடைய சாய்வுக் கதிரை, குப்பை ஏற்றும் கவுன்சில் லொறிக்காகக் காத்துக்கொண்டு மழையில் நனைந்தது.

பதினாறு வருடக் கதிரை. அவருடைய முதுகு எந்த இடத்தில் வளையும், எந்த இடத்தில் வளையாது என்று அவரைவிட அதற்கு நன்றாகத் தெரியும்.

“ஸ்பிரிங் வெளியில வந்திட்டுது,” என்றாள் பேர்ள். “வாற ஆக்கள் இருந்தா உடுப்புக் கிழியும்.”

“இஞ்ச ஆர் வாறது?”

“அதுவும் சரிதான்,” என்று ஒப்புக்கொண்டுவிட்டு அவள் குசினிக்குள் போனாள். வாதத்தில் அவர் வென்றார். கதிரை போய்விட்டது. முப்பத்தொரு வருடமாக அந்த வீட்டில் வெற்றி தோல்வி இப்படித்தான் பங்கிடப்பட்டு வந்தது.

பேதுரு மன்னாரில் பிறந்தவர். கடலுக்குப் பயந்ததில்லை, சூறாவளிக்குப் பயந்ததில்லை. மிச்சத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். சிட்னிக்கு வந்து, செவன் ஹில்ஸில் குடியேறி, அங்கே தண்ணீர்ப் பம்பு செய்யும் ஒரு தொழிற்சாலையில் இருபத்தேழு வருடம் வேலை பார்த்தார். பாகங்களை அளந்து, சரியென்றால் சின்னச் சுத்தியலால் இலக்கம் குத்துவது அவருடைய வேலை. பம்பின் உடலில் என்ன இலக்கமோ அதே இலக்கம் அதன் மூடியிலும் இருக்க வேண்டும். மாறிப் பூட்டினால் ஒழுகும். இரண்டு வருடத்துக்கு முன் தொழிற்சாலையை மூடினார்கள். கடைசி நாள் அவருக்கு ஒரு கேக் துண்டும், அவர் பாவித்த நம்பர் பஞ்ச் பெட்டியும் கொடுத்து அனுப்பினார்கள். பூச்சியம் முதல் ஒன்பது வரை, குட்டி குட்டியாகப் பத்து உருக்குக் குச்சிகள். வீட்டுக்கு வந்தவர், குத்துவதற்கு ஒன்றும் இல்லாமல் ஒரு மாதம் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

அந்த நேரத்தில்தான் சட்டிப் பிரச்சினை வந்தது. மடு மாதா திருநாளுக்கு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் கறிச்சட்டி போகும். திரும்பி வரும்போது பேர்ளின் சட்டியை யாரோ ஒருவருடைய மூடி மூடிக்கொண்டு வரும். “என்ர பெரிய சட்டியின்ர மூடி லிட்கம்மில ஆற்ற வீட்டில கிடக்குதோ தெரியாது,” என்று அவள் ஒருநாள் சலித்துக்கொண்டாள். அவ்வளவுதான். அன்று பின்னேரமே குசினியில் இருந்த அத்தனை சட்டிக்கும் மூடிக்கும் பேதுரு இலக்கம் குத்திவிட்டார். வீட்டு இலக்கம் 3 என்பதால், முதல் சட்டிக்கும் அதன் மூடிக்கும் 31. அடுத்ததுக்கு 32. 33க்கு வந்தபோது ஓங்கிய அடி கொஞ்சம் கூடிவிட்டது, 3 குத்தும் குச்சியின் கீழ்வால் உடைந்து தெறித்தது. அதற்குப் பிறகு அவர் குத்திய மூன்றெல்லாம் வாலறுந்த மூன்றுதான். அதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. சட்டி கழுவுகிறவள்தானே அதைப் பார்க்கப் போகிறாள்.

கதிரை போன அடுத்த கிழமை, மூலை வீட்டு வெள்ளைக்கார அம்மா முதியோர் இல்லத்துக்குப் போக ஆயத்தமானார். அவர் வீட்டுக் குழாய், கதவு, கூரைப்பீலி எல்லாவற்றையும் சும்மா திருத்திக் கொடுத்தவர் பேதுரு. அதற்கு நன்றியாக, கம்பளியில் சுற்றிய நீளமான ஒன்றை அவர் கையில் வைத்து, “பீற்றர், இதை நீதான் வைத்திருக்க வேண்டும்,” என்று சொல்லிக் கண் கலங்கினார் அந்த அம்மா. பேதுருவுக்கும் கண் கலங்கியது. வீட்டுக்குக் கொண்டுவந்தபோது வேறு காரணத்துக்காகக் கலங்கியது.

“என்ன அது?”

“பழம்பொருள்.”

“பழம்பொருளுக்குப் பேர் இல்லையோ?”

“மவுசர்.”

“தமிழில சொல்லுங்கோ.”

“துவக்கு,” என்றார் பேதுரு, குரலைத் தாழ்த்தி.

பேர்ள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்று பார்த்தாள். கிட்ட வரவில்லை. “துவக்குக்குப் பயந்து கடல் கடந்து ஓடி வந்தனாங்கள். இஞ்ச வந்து அதை மடியில வச்சுத் தடவுறியள்.”

“இது சுடாது, பேர்ள். ஆயிரத்தெண்ணூற்று எழுபத்தெட்டில ஜேர்மன் ஆமிக்குச் செய்தது. இதுக்குரிய தோட்டா எந்தக் கடையிலயும் இல்லை. பழசெண்டபடியால் வச்சிருக்கலாம் எண்டு கடிதமும் கிடக்கு.”

“சுடாத துவக்கு என்னத்துக்கு?”

பேதுரு சாப்பாட்டு மேசையில் பேப்பரை விரித்து, பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

உட்கார்ந்தவர் எழும்பவில்லை. துவக்கின் உடலில் ஒரு குட்டிக் கிரீடம், அதற்குக் கீழே செய்த ஊரின் பெயர், செய்த வருடம், பிறகு 4783 என்று இலக்கம். குழாயிலும் அதே 4783. குறிபார்க்கும் தகட்டில் கடைசி இரண்டு இலக்கம், 83. விசைக்காப்பில் 83. தோளில் முட்டும் அடித்தகட்டில் 83. ஒரு சின்னத் திருகாணியின் தலையில், எறும்பு படுத்தது மாதிரி, 83. பேதுரு கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் திரும்பப் பார்த்தார். நூற்றைம்பது வருடத்துக்கு முன், எங்கேயோ ஒரு குளிர் பிடித்த ஊரில், தன்னைப் போல ஒருவன் சின்னச் சுத்தியலோடு இருந்திருக்கிறான்.

இணையத்தில் தேடி, பழைய ஆயுதம் சேகரிப்போர் சங்கம் ஒன்றைப் பிடித்தார். அதில் முத்திரை பார்ப்பதில் கெட்டிக்காரர் என்று சொல்லித் தந்த பெயர் சேஷாத்ரி. சென்னைக்காரர், லிட்கம்மில் இருக்கிறார், பகலில் கணினி வேலை.

“சார், ஜாக்கிரதை,” என்றார் சேஷாத்ரி போனில். “பத்து வந்தா ஒன்பது கலப்படம். போர்ல உடைஞ்சதுக்கு வேற துப்பாக்கிலேர்ந்து பாகம் எடுத்து மாட்டியிருப்பாங்க. ஒவ்வொரு ஸ்க்ரூவையும் பாருங்க. எல்லாமே மேட்சிங்னா சொல்லுங்க, நானே வந்து பார்க்கறேன். ஆகஸ்ட் கண்காட்சில தனி டேபிள். பக்கத்துல உங்க பேர் போட்டு ஒரு கார்டு.”

உங்கள் பெயர் போட்டு ஒரு கார்டு. இருபத்தேழு வருடத்தில் ஆயிரக்கணக்கான பம்புகளில் இலக்கம் குத்தியவர், ஒன்றில்கூடத் தன் பெயரைக் குத்தியதில்லை. அதைவிட இன்னொன்றும் இருந்தது, அதை அவர் யாருக்கும் சொல்லவில்லை. அவருடைய வலது முழங்கால் உருக்கு. மேல்வரிசைப் பல் பிளாஸ்டிக். ஒரு தம்பி கனடாவில், ஒரு தங்கை நோர்வேயில், மகள் லிண்டா மெல்பேர்னில். தாய் தகப்பன் மன்னார் மண்ணுக்குள். எந்தப் பாகமும் எந்தப் பாகத்தோடும் சேராமல் வாழ்ந்து முடிகிற மனிதனுக்கு, ஓர் ஆணிகூட மாறாமல் ஒரு பொருள் உலகத்தில் இருக்கிறது என்பதே ஆறுதலாக இருந்தது. அதைச் சுவரில் மாட்டி, காலையும் மாலையும் பார்த்துக்கொண்டு இருக்க ஆசைப்பட்டார். சாப்பாட்டு மேசைக்கு நேரே, யேசுவின் திருஇருதயப் படத்துக்குப் பக்கத்தில், ஓர் இடம் இருந்தது.

எங்கே மாட்டப் போகிறார் என்று எழுதி, லிண்டாவுக்குப் படம் அனுப்பினார். மெல்பேர்னிலிருந்து அவள் உடனே போன் எடுத்தாள். “அப்பா, இட்ஸ் அ கன். ஆன் த வோல். நெக்ஸ்ட் டு ஜீசஸ்.”

“ஓம் பிள்ளை. வடிவாத்தானே இருக்கும்?”

லிண்டா, அம்மாவிடம் போனைக் கொடுக்கச் சொன்னாள்.

அன்று பின்னேரம் பேர்ள் மேசைக்கு எதிரே வந்து இருந்தாள். வெளியே நாள் முழுக்க விடாத மழை. அவர் ஆர்வத்தோடு அடித்தகட்டைக் காட்டினார். “இஞ்ச பாரும். 29.R.5.112. இருபத்தொன்பதாம் ரெஜிமென்ட், ஐஞ்சாம் கொம்பனி, நூற்றுப் பன்னிரண்டாவது துவக்கு. எல்லாம் எழுதிக் கிடக்கு.”

“அந்த நூற்றுப் பன்னிரண்டாவது பொடியன் வீட்டுக்குத் திரும்பிப் போனவனோ?”

“அது எழுதேல்லை.”

“அப்ப முக்கியமானதை எழுதேல்லை,” என்றாள் பேர்ள். பிறகு அந்தச் சின்ன இலக்கத்தைக் கண்ணாடியால் பார்த்தாள். “எண்பத்து மூண்டு. வேற நம்பர் கிடைக்கேல்லையோ உங்களுக்கு?”

“அது துவக்கின்ர நம்பர்.”

“எண்பத்து மூண்டு கலவரத்தில எனக்குப் பன்னிரண்டு வயசு. கொழும்பில இருந்து கப்பலில ஊருக்கு வந்தனாங்கள். ஐயா வீட்டுச் சாவிக்கொத்தை விடாமல் கையில பொத்திக்கொண்டு வந்தவர். வீடு எரிஞ்சு போச்சு. சாவி மட்டும் கனகாலம் இருந்தது.” அவள் கண்ணாடியை மேசையில் வைத்தாள். “இதை முன்னால மாட்டினா எனக்குச் சோறு இறங்காது. உண்மையாத்தான் சொல்லுறன்.”

இந்த இடத்தில் ஒரு மனிதன் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். பேதுரு சொன்னது இது: “இது ஜேர்மன் எண்பத்து மூண்டு, பேர்ள்.”

அதைச் சொன்னதற்காக அவர் பிறகு மிகவும் வெட்கப்பட்டார். ஆனால் பிறகுதான்.

பேர்ள் மேசையில் விரித்திருந்த பேப்பரின் ஓரங்களை நேராக்கினாள். அவள் சண்டை பிடிக்காமல் பேப்பரை நேராக்கினால் அவர் பயப்பட வேண்டும். அன்றைக்குத் துவக்கு மடியில் இருந்ததாலோ என்னவோ பயப்பட மறந்துவிட்டார்.

“சரி,” என்றாள் கடைசியில். “எல்லாம் ஒரிஜினல் எண்டுதானே பெருமை? அந்தச் சேஷாத்ரி வந்து பாக்கட்டும். எல்லாம் உண்மையெண்டா மாட்டுங்கோ, நான் வாய் திறக்கமாட்டன். ஒரு சாமான், ஒரு ஆணி பொய்யெண்டாலும் இது வெளியில போகும். படத்துக்கு முன்னால சொல்லுங்கோ.”

பேதுருவுக்கு நம்ப முடியவில்லை. திருஇருதயப் படத்துக்கு முன்னால் போய் நின்று, நெஞ்சில் கை வைத்து, “ஒரு ஆணி பொய்யெண்டாலும் வெளியில போகும்,” என்று சத்தியம் பண்ணினார். இவ்வளவு சுலபமாக அவளை மடக்கியது அவருடைய கலியாண வரலாற்றிலேயே முதல் தடவை. அதிலேயே அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

மாறாக, அடுத்த நாளிலிருந்து பேர்ளே பக்கத்தில் நின்று டோர்ச் பிடித்தாள். பின்புறத்தில் தொடங்கி முன்னே, ஒரு பின்னேரத்துக்கு நான்கைந்து பாகம் என்று அவர் பார்த்துக்கொண்டு போனார். எதையும் அவசரப்பட்டுப் பார்க்கிற ஆள் இல்லை அவர்.

“இதை எப்பிடிக் கழட்டுறது?” என்று கேட்டாள் ஒருநாள்.

முப்பத்தொரு வருடத்தில் அவருடைய தொழிலைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி. பேதுருவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. “அகலம் சரியான திருப்புளி எடுக்கவேணும். அழுத்திப் பிடிச்சு, இடப்பக்கம். மெல்ல. சுரண்டுப்பட்டா பெறுமதி போச்சு.”

“உந்த முன்னுக்கு இருக்கிற வளையத்தை எப்ப பாப்பியள்?”

“வியாழக்கிழமை. புதன்கிழமை முழங்கால் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போகவேணுமெல்லோ.”

“ஓம், போகவேணும்,” என்றாள் பேர்ள்.

புதன்கிழமை போய் வந்தார். முழங்கால் உருக்கு நன்றாக இருக்கிறதாம். சுற்றி இருக்கிற அவருடைய சொந்த எலும்புதான் தேய்ந்துகொண்டு வருகிறதாம்.

வியாழக்கிழமை, பேர்ள் கோயிலுக்குப் போயிருந்த நேரம், குழாயை மரத்தோடு பிணைக்கிற முன்வளையத்துக்குக் கண்ணாடியைக் கொண்டுபோனார். வளையத்தில் 83. அழகு. வளையத்தை இறுக்குகிற திருகாணியின் தலையில்... தலை இல்லை. ஆணியே இல்லை. ஓட்டை மட்டும் அவரைப் பார்த்தது.

பேதுரு கம்பளியை உதறினார். மேசைக்குக் கீழே உருக்கு முழங்காலையும் மடக்கித் தவழ்ந்தார். மூலை வீட்டுக்கு ஓடினார். வீடு பூட்டி, அம்மா போய்விட்டார். முதல் நாள் அந்த ஆணி இருந்ததா? நினைவில் தேடினார். இருந்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. எழுபது சாமானில் எழுபதும் சரி. ஒரு விரல்நக அளவு ஆணிக்காக எல்லாம் போகப் போகிறது. கார்டு போகும், சுவர் போகும், கதிரை போன மாதிரி இதுவும் மழையில் போகும்.

ஒரு சாதாரண மனிதன் என்றால் அழுதிருப்பான், அல்லது பெண்சாதியிடம் சொல்லியிருப்பான். பேதுரு இருபத்தேழு வருடப் பம்புக்காரர். பின்வளவு ஷெட்டில் உலோகம் கடையும் சின்ன லேத் ஒன்று இருந்தது. அடுத்த வளையத்து ஆணியைக் கழற்றி அளந்து, ஒரு பழைய கதவுக் கொண்டியை அறுத்து, இரண்டு நாள் மினக்கெட்டு, அச்சொட்டாக ஓர் ஆணி கடைந்தார். அந்த வேலையில் அவருக்கு நிகர் அவர்தான். நம்பர் பஞ்ச் பெட்டியைத் திறந்தார். எட்டை வைத்து ஓர் அடி. மூன்றை வைத்து ஓர் அடி. மூன்றுக்கு வால் விழவில்லை. கண்ணாடியால் பார்த்து யோசித்தார். பழைய இலக்கம், தேய்ந்திருக்கும், வால் இல்லாததும் ஒரு வகையில் இயற்கையாகத்தான் இருக்கிறது என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டார்.

புதுப் பளபளப்பைப் போக்க, வினாகிரியிலும் தேயிலைச் சாயத்திலும் ஊறவைத்தார்.

“வினாகிரிப் போத்திலைக் காணேல்லை,” என்றாள் பேர்ள் அன்று பின்னேரம்.

“ஷெட்டில எறும்பு. தெளிச்சனான்.”

“தேயிலையுமோ?”

“எறும்புக்குத்தான்.”

“எறும்புக்குத் தேத்தண்ணி போட்டுக் குடுத்தனீங்களோ?”

பேதுரு ஜன்னலைச் சாத்தப் போனார். பேர்ள் தொடர்ந்து கேட்கவில்லை. வேறொன்று கேட்டாள். “ஆணியெல்லாம் சரியோ?”

“ஓம், எல்லாம் சரி.”

மறுநாள் சோறு போட்டுக்கொண்டு திரும்பக் கேட்டாள். “முன்வளையமும் பாத்தாச்சோ? குறை ஒண்டும் இல்லையோ?”

“ஒரு குறையும் இல்லை.”

சேஷாத்ரி வருகிற சனிக்கிழமை காலை, பேதுருவின் சேர்ட் கொலரைச் சரிசெய்துகொண்டு மூன்றாம் முறை கேட்டாள். “என்னட்டைச் சொல்ல ஒண்டும் இல்லைத்தானே?”

“என்ன கிடக்குச் சொல்ல?” என்று எரிந்து விழுந்தார். அதே கணம் பின்வேலியில் இருந்த வெள்ளைக் காக்கட்டூக் கிளி ஒன்று கிறீச்சென்று கத்தியது. யேசுவைத் தெரியாது என்று மூன்றாம் முறை மறுதலித்தபோது, அவர் பெயர்க்காரரான சீடர் பேதுருவுக்குச் சேவல் கூவியதாகச் சின்ன வயதிலிருந்து கோயிலில் கேட்டு வந்தவர். இந்த நாட்டில் சேவலுக்குப் பதில் காக்கட்டூ போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு பின்கதவை இறுக்கிச் சாத்தினார்.

சேஷாத்ரி வெள்ளைக் கையுறை, தலையில் கட்டும் விளக்கு, மூன்று வகைக் கண்ணாடி சகிதம் வந்தார். பேர்ளைக் கண்டதும், “வணக்கம் மேடம்,” என்று கும்பிட்டுவிட்டு மேசையில் குனிந்தவர் ஒரு மணி நேரம் நிமிரவில்லை. கிரீடத்துக்கு ஒரு “ம்”. ரெஜிமென்ட் இலக்கத்துக்கு ஒரு “அடடா”. முன்வளையத்துக்கு வந்தபோது பேதுரு, தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்டார். சேஷாத்ரி ஆணியைப் பார்த்தார். “எம்பத்து மூணு. கொஞ்சம் தேய்ஞ்சிருக்கு,” என்று சொல்லித் தாண்டிப் போனார்.

கடைசியில் சேஷாத்ரி விளக்கைக் கழற்றினார். “சார், உண்மையைச் சொல்றேன். பதினஞ்சு வருஷமா பார்க்கறேன். முழுசா மேட்சிங்கா ஒரு ஆயிரத்தெண்ணூத்தி எழுபத்தொண்ணாம் வருஷ மாடல் மவுசர் கைல எடுக்கறது இது ரெண்டாவது தடவை. கையைக் குடுங்க.”

பேதுரு கையைக் கொடுத்தார். சுவரைப் பார்த்தார். எந்த உயரத்தில் ஆணி அடிப்பது என்றுகூட யோசித்துவிட்டார்.

பேர்ள் தேத்தண்ணியும், சுடச்சுடப் பொரித்த பற்றிஸும் கொண்டுவந்தாள். பற்றிஸ் தட்டின் மேல் ஒரு பெரிய சட்டி மூடி கவிழ்த்திருந்தது. மூடியை எடுத்து, தட்டை நீட்டாமல், மூடியை நீட்டினாள்.

“தம்பி, உந்தக் கண்ணாடியால இதை ஒருக்காப் பாருங்கோ. என்ன நம்பர் எண்டு எனக்கு வடிவாத் தெரியேல்லை.”

“இதுக்கென்ன மேடம்,” என்று சிரித்துக்கொண்டு வாங்கினார் சேஷாத்ரி. “முப்பத்து மூணு.”

“அந்த மூண்டு எப்பிடி இருக்கு?”

“கீழ வால் இல்ல. உடைஞ்ச பஞ்ச்ல அடிச்சிருக்காங்க.”

“இனி முன்வளையத்து ஆணியில இருக்கிற மூண்டையும் பாருங்கோ.”

சேஷாத்ரி சிரித்தபடியே குனிந்தார். ஆணியைப் பார்த்தார். மூடியைப் பார்த்தார். ஆணியைப் பார்த்தார். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

“சார்,” என்றார், நிமிராமலே. “அந்த ஜெர்மன்காரன் உங்க வீட்டுச் சட்டிக்கும் நம்பர் போட்டுக் குடுத்தானா?”

பேதுரு வாயைத் திறந்தார். எறும்பு என்று வந்தது. அதற்கு மேல் வரவில்லை.

“ஏன் சார் இப்படிப் பண்ணீங்க? ஆணி இல்லைன்னா, ‘ஒரு ஆணி இல்லை’ன்னு கார்டுல ஒரு வரி எழுதுவோம். அவ்வளவுதான். அப்பவும் முதல் டேபிள்தான் உங்களுக்கு.” சேஷாத்ரியின் குரலில் கோபம் இல்லை. துக்கம் விசாரிக்கிற குரலாக இருந்தது, அதுதான் பொறுக்க முடியவில்லை. “இல்லாததுக்கு மன்னிப்பு உண்டு சார். பொய் முத்திரைக்குக் கிடையாது. ஒண்ணு பொய்ன்னு ஆயிட்டா, மத்த எழுபதையும் யார் நம்புவா? நானே நம்ப மாட்டேன்.”

பேர்ள் திருஇருதயப் படத்தை ஒருமுறை பார்த்தாள், பிறகு பற்றிஸ் தட்டை நீட்டினாள். பேதுரு படத்தைப் பார்க்கவில்லை. பார்க்கத் துணிவில்லை.

“கொண்டு போங்கோ,” என்றார் சேஷாத்ரியிடம். “எங்கயாவது கொண்டு போங்கோ.”

சேஷாத்ரி யோசித்தார். “வீணாக்க மாட்டோம் சார். எங்க சங்கத்துல புதுசா சேர்றவங்களுக்குப் பாடம் எடுக்க ஒரு அலமாரி வச்சிருக்கோம். போலி முத்திரை எப்படி இருக்கும்னு காட்டறதுக்கு. இதை அதுல வைக்கலாம். ஆணி வேலை ரொம்ப சுத்தம் சார், அந்த மூணு மட்டும் இல்லேன்னா நான் ஏமாந்திருப்பேன். உங்க பேர் போட்டே கார்டு எழுதறேன்.”

அப்படியாக, ‘பொய் முத்திரைக்கு உதாரணம்: பேதுரு, செவன் ஹில்ஸ்’ என்று அவர் ஆசைப்பட்ட கார்டு அவருக்குக் கிடைத்தது. பற்றிஸ் நான்கு சாப்பிட்டுவிட்டு, துவக்கைக் கம்பளியில் சுற்றி, சேஷாத்ரி காரில் ஏற்றிக்கொண்டு போனார். கதிரை கிடந்த புல்லில் இன்னும் நான்கு கால் பள்ளம் தெரிந்தது, அதில் தண்ணீர் நின்றது.

பேதுரு குசினிக் கதிரையில் வந்து இருந்தார். துவக்கு போனதைவிட, அந்த மனிதன் துக்கம் விசாரித்த மாதிரிப் பேசியதுதான் நெஞ்சைப் பிசைந்தது. பேர்ள் மூடியை அதன் சட்டியில் போட்டாள். சரியாகப் பொருந்தியது.

“பேர்ள்,” என்றார். “எழுபது சாமான் கிடக்கு. நீர் எப்பிடி நேரா அந்த ஒரு ஆணியைப் பிடிச்சீர்?”

பேர்ள் கையைத் துடைத்தாள். ஜன்னல் தட்டில் இருந்த செபமாலை டப்பாவை எடுத்துத் திறந்து, மேசையில் கவிழ்த்தாள். செபமாலை விழுந்தது. அதற்குப் பின்னால் டங் என்று ஒரு திருகாணி விழுந்து உருண்டது. பேதுருவுக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை. எட்டு. மூன்று. மூன்றுக்கு வால் இருந்தது.

“நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போன அண்டைக்குக் கழட்டினனான். இடப்பக்கம், மெல்ல. சுரண்டுப்படேல்லை, பாருங்கோ.”

பேதுரு எழும்பிவிட்டார். “அப்ப அது முழுசா இருந்ததோ! ஒண்டும் மாறாமல் முழுசா இருந்ததோ! நில்லும், இப்பவே சேஷாத்ரிக்குக் கோல் எடுக்கிறன். ஒரிஜினல் ஆணி இருக்கெண்டு சொல்லுறன்!”

“எடுங்கோ,” என்றாள் பேர்ள். “என்னெண்டு சொல்லப் போறியள்? இன்னொரு எண்பத்து மூண்டு கிடைச்சிருக்கு எண்டோ? ஆர் நம்புவினம்?”

போனைப் பிடித்த கை அப்படியே நின்றது. அந்த உண்மையான ஆணியை இனி உலகத்தில் ஒருவரும் நம்பப் போவதில்லை. பேதுரு மெல்லத் திரும்ப உட்கார்ந்தார்.

“ஏன் பேர்ள் இப்பிடிச் செய்தனீர்? மூண்டு தரம் என்னட்டைக் கேட்டனீர். அப்பவாவது தந்திருக்கலாமே.”

பேர்ள் இரவுச் சாப்பாட்டுக்கு அரிசியைச் சட்டியில் போட்டாள். முப்பத்து மூன்றாம் சட்டி.

“நான் மூண்டு தரம் கேட்டனான்,” என்றாள். “நீங்கள் ஒருக்கா, ‘பேர்ள், ஒரு ஆணியைக் காணேல்லை, கண்டனீரோ’ எண்டு கேட்டிருந்தா, அண்டைக்கே தந்திருப்பன்.”